இடைவேளை யாருக்கு?

எங்கள் நடைக்குழுவில் சேர நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "எவ்வளவு தூரம் நடப்பீங்க?" பன்னிரண்டு கிலோமீட்டர் என்றதும் போனை எடுப்பார்கள். தினமும் பத்தாயிரம் காலடி நடக்கிறேனே, போதாதா என்பார்கள். அந்தப் பத்தாயிரம், 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவிய எண். அது கெட்ட எண் இல்லை. ஆனால் சமதளத்தில், தோளில் பை இல்லாமல், நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து நடந்ததை வைத்து மேடுபள்ளத்தில் ஒரே மூச்சாக நடப்பதை எடைபோட முடியாது.

முதலில் கேட்க வேண்டியது ஏற்றம் எவ்வளவு என்பதை. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். நடை அறிவிப்பில் தூரத்துக்குப் பக்கத்தில் "ஏற்றம் 300 மீட்டர்" என்று போட்டிருந்தால் கை தானாகப் பேனாவைத் தேடும். 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், மேலே ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டருக்கு 2 மணி 24 நிமிடம், 300 மீட்டர் ஏற்றத்துக்கு அரை மணி, ஆக மொத்தம் மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவு. இதில் உட்காரும் நேரம் சேரவில்லை, சேறு சேரவில்லை, போட்டோ எடுப்பவர்கள் சேரவில்லை. எங்கள் லீடர் இந்த எண்ணை அப்படியே ஒன்றரை மடங்காக்கிவிடுவார். இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா என்பதை அந்தக் கிட்டத்தட்ட நாலரை மணி நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்.

அவர் மிகைப்படுத்துவதாக நினைத்தால், வேலியைத் தாண்டும் ஒரு மரப்படிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஏற முடியும். ஆளுக்கு அரை நிமிடம், இருபது பேர், பத்து நிமிடம் போய்விட்டது. முதலில் தாண்டியவர் நடந்துகொண்டே இருந்தால் கடைசி ஆள் இறங்கும்போது அவர் கண்ணுக்கே தெரிய மாட்டார். வரிசை துருத்தி மாதிரி விரியும், சுருங்கும். விரிந்ததைச் சரிக்கட்ட ஓடுபவர் எப்போதும் பின்னால் இருப்பவர்தான்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்தக் குழுவுக்கு முன்னால் வேறொரு குழுவோடு சில மாதங்கள் போனேன். முன்னால் போகிறவர்கள் மேட்டின் உச்சியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஷூவில் கல்லைத் தட்டி, நன்றாக இளைப்பாறுவார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் மூச்சு வாங்க வந்து சேர்வோம். உடனே ஒரு குரல்: "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?" ஓய்வு தேவையே இல்லாதவர்களுக்குப் பதினைந்து நிமிடம், தேவைப்படுகிறவர்களுக்குப் பூஜ்ஜியம். நாள் முழுக்க இப்படியே போனால் மெதுவானவர் இன்னும் மெதுவாகத்தானே ஆவார்? அப்புறம் அவருக்குப் பயிற்சி போதவில்லை என்று பேச்சு வரும்.

இப்போதைய லீடர் ஓய்வு பெற்ற நர்ஸ். கடைசி ஆள் பையை இறக்கி வைத்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்ப்பார். பத்து நிமிட இடைவேளை அங்கிருந்து ஆரம்பம். கடைசியில் வருவதற்கென்றே வழி தெரிந்த ஒருவரை நியமித்திருப்பார், அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. யாராவது புதர் மறைவுக்குப் போக வேண்டியிருந்தால் பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போக வேண்டும். பை இருக்கிறது என்றால் ஆள் உள்ளே இருக்கிறார், கடைசி ஆள் அங்கேயே நிற்பார். யாரும் சத்தம் போட்டுத் தேட வேண்டியதில்லை, யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. நடைப்பயணம் பற்றி எழுதுகிறவர்கள் ஜாக்கெட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், பெண்களுக்கு உண்மையில் வேண்டிய இந்த மாதிரி விஷயத்தை எழுத மாட்டார்கள்.

தயாராவதைப் பற்றி என் கருத்து எளிது. பணமும் கவனமும் முதலில் காலுக்கு. ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நின்று நடந்ததில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், நடக்கும்போதும் அப்படித்தான் இருக்கும். எந்தச் சாக்ஸோடு நடக்கப்போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். கடையில் சரிவு ஏதாவது இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் அந்த ஷூ வேண்டாம். நடைக்கு ஓரிரு நாள் முன்பே கால் நகத்தை வெட்டிவிடுங்கள், நீண்ட நகம் இறக்கத்தில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். பருத்திச் சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஈரத்தில் ஊறிய தோலில் உரசல் சீக்கிரம் வேலையைக் காட்டும். கம்பளியோ செயற்கை இழையோ பரவாயில்லை.

ஒருமுறை ஒரு இளைஞர் குதிகாலில் லேசாகச் சூடாக இருக்கிறது என்றார், போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். லீடர் விடவில்லை. "இப்பவே ஷூவைக் கழட்டுங்க தம்பி." பாதத்தைத் துடைத்து, காற்றில் காயவிட்டார். டேப்பை ஒரு துண்டு வெட்டி, அதன் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக நறுக்கினார். மூலை கூராக இருந்தால் சாக்ஸ் அதில் மாட்டி மெல்ல மெல்ல உரித்துவிடுமாம். பிறகு சுருக்கம் விழாமல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி ஒட்டி, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் சூடேற்றினார். தோல் சிவந்திருந்ததே தவிரக் கொப்புளம் வரவில்லை. ஐந்து நிமிட வேலை.

உடற்பயிற்சி என்று பார்த்தால், பலரும் ஏறுவதற்குத்தான் தயாராகிறார்கள். இறங்குவதுதான் ஆளைப் படுக்கவைக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. பழக்கமில்லாத தசைக்கு இது பெரிய சுமை, வலி உடனே தெரியாது, ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். நல்ல செய்தி, இதற்குக் கொஞ்சம் பழக்கிவிட்டாலே தசை அடுத்த தடவை அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. ஆபீசில் எல்லோரும் ஆரோக்கியம் என்று படியேறிப் போய்விட்டு லிஃப்டில் இறங்குவார்கள். நான் ஏறுகிறதோடு நிற்காமல் இறங்குவதற்கும் படிதான். நடை நெருங்கும் வாரங்களில் பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு இறங்குவேன். செக்யூரிட்டி அண்ணன், "லிஃப்ட் ரிப்பேரா மேடம்?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பையில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் குழுவே சொல்லிவிடும், அதனால் நீட்டவில்லை. இரண்டு மட்டும். உங்கள் மருந்துகள், ஒவ்வாமை, வீட்டு போன் எண் ஆகியவற்றை எழுதிய காகிதம் பையின் மேல் அறையில் இருக்கட்டும். பூட்டிய போனை வேறு யாரும் திறக்க முடியாது. வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோளை வைத்துத்தான் போன் கண்டுபிடிக்கிறது, அதற்கு டவர் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை. சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும் என்பதால் நான் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுவேன்.

வீடு திரும்பியதும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பில், அக்குளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம்.

பெரும்பாலான குழுக்கள் சந்தா கட்டுவதற்கு முன் ஓரிரு நடைக்குச் சும்மா வரச் சொல்கின்றன. அப்போது வேகமாக நடந்து யாரையும் அசத்த முயலாதீர்கள். வேண்டுமென்றே கடைசியில் நடந்து, முதல் இடைவேளையைப் பாருங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் எழுந்து பையை மாட்டினால், பணத்தைக் கட்டாமல் வேறு குழுவைத் தேடுங்கள்.