கயிற்றைக் கழற்றச் சொல்லாத மேடம்

கவுன்சிலிங்குக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முதலில் போன இடத்தில் மனசு நொந்து வெளியே வந்தீர்கள் என்றால், கவுன்சிலிங்கே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் தம்பி அப்படித்தான் முடிவு கட்டினான். அவனை இன்னொருவர் முன்னால் உட்காரவைப்பதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தம்பி சென்னை காசிமேட்டில் விசைப்படகில் பங்குக்குப் போகிறவன். அவன் கூடவே போன சிநேகிதன் ஒரு ராத்திரி வலை இழுக்கும்போது கடலில் விழுந்துவிட்டான். எல்லாப் படகும் சேர்ந்து தேடியும் கிடைக்கவில்லை, உடம்பும் கரை ஒதுங்கவில்லை. அதற்கப்புறம் தம்பிக்குத் தூக்கம் போனது. இன்ஜின் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை சில்லிட்டுப் போகும். எமர்ஜென்சிக்கு ஓடினோம். ஈசிஜி நார்மல், கேஸ் டிரபுள் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா மவுண்ட் ரோடு தர்காவுக்குக் கூட்டிப்போய், மந்திரித்த கயிறு ஒன்றை அவன் கையில் கட்டிக் கூட்டிவந்தார்.

தெரிந்தவர் சொன்னாரென்று ஊருக்குள் இருக்கும் ஒரு கவுன்சிலிங் சென்டருக்குப் போனோம். ஈசிஜி ரிப்போர்ட்டின் ஒரிஜினல் இல்லாமல் பதிய முடியாது என்று கவுண்டரிலேயே திருப்பிவிட்டார்கள். போனில் கேட்டபோது அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடி போனால் ஹால் நிறைய ஆட்கள். கவுண்டரில் இருந்தவர் அங்கிருந்தே சத்தமாக, “என்ன பிரச்சினை, தூக்கமா, குடியா?” என்று கேட்டார். தம்பி தலையைத் தொங்கப்போட்டவன், அப்புறம் நிமிரவே இல்லை. இதை அப்படியே விட்டுவிடத் தேவையில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆவது பிரிவில், மனநலச் சிகிச்சை பற்றிய தகவல்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. “தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்” என்று தைரியமாகச் சொல்லலாம்.

உள்ளே இன்னும் மோசம். ஃபாரம் முழுக்க இங்கிலீஷ். தம்பி எட்டாவது வரை படித்தவன், நான் படித்துச் சொல்லச் சொல்ல டிக் அடித்தான். கவுன்சிலர் அதைப் பார்த்துவிட்டு, “ஏரியா காசிமேடா? போலீஸ் கேஸ் ஏதாவது இருக்கா?” என்றார். வந்தவன் தன் வயதுக்காரன்தான், இருந்தும் எடுத்ததுமே ‘நீ, வா, போ’. கையிலிருந்த கயிற்றைப் பார்த்து, “இதையெல்லாம் நம்பினா நான் எதுக்கு?” என்றார். சிநேகிதன் கதையைச் சொன்னதும், “அவர் இறந்துட்டார்னு நீ ஏத்துக்கணும். அதுதான் முதல் ஸ்டெப்” என்றார்.

இதை வெளியாட்களுக்கு விளக்க வேண்டும். உடம்பு கிடைக்காத வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. சிநேகிதனின் மனைவி இன்னும் பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். படத்துக்கு மாலை போடவில்லை. தம்பி அந்த வார்த்தையைச் சொன்னால், அந்தப் பெண்ணின் பொட்டை அவனே அழித்த மாதிரி. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டான். கட்டிய பணம் போனது போனதுதான்.

அப்புறம் அவன் வெளியே போவதே நின்றது. ஒருநாள் ராத்திரி பயந்துபோய் 14416க்குக் கூப்பிட்டேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த இலவச எண், எந்நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசினார்கள், அந்த ராத்திரியைத் தாண்ட அது போதுமாக இருந்தது. மாத்திரை தேவைப்பட்டால் மனநல மருத்துவர், பேசிச் சரிசெய்ய கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று எனக்கு வித்தியாசம் புரிந்தது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின், அதாவது ஆர்சிஐயின், பதிவு எண் இருக்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். சரியானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்படித் தேடிப் பிடித்தவர்தான் இந்த மேடம். முதல் போனிலேயே நான் கேட்டது இரண்டு கேள்வி: தமிழிலேயே பேசுவீர்களா, தம்பி மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்து, சொன்ன தேதிக்கு வர முடியாமல் போனால் பணம் பிடிப்பீர்களா? இரண்டாவதற்கு அவர், “படகு எப்ப கரைக்கு வருதுன்னு போன் பண்ணுங்க, அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கலாம்” என்றார். அங்கேயே பாதி பாரம் இறங்கிவிட்டது.

தம்பி வர மறுத்ததற்கு அம்மாவும் ஒரு காரணம். “கீழ்ப்பாக்கத்துல சேர்த்துடுவாங்கடா” என்று அவர் அழுதார். சென்னையில் பிறந்தவர்களுக்கு இந்தப் பயம் புதிதில்லை. 1794இலிருந்து இருக்கிற மனநல ஆஸ்பத்திரி, அதன் பேரை வைத்தே ஆளைத் திட்டும் ஊர் இது. மேடம் அம்மாவைத் திட்டவில்லை, சிரிக்கவில்லை. கீழ்ப்பாக்கத்திலும் ஓபியில் பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். “கயிறு கட்டினப்புறம் தம்பி எப்படி இருந்தாரும்மா?” என்று கேட்டார். ரெண்டு நாள் தூங்கினான் என்று அம்மா சொன்னதும், “அப்ப அது இருக்கட்டும்” என்றார். அதோடு அம்மாவே அவனைக் கிளப்பி அனுப்ப ஆரம்பித்தார்.

தம்பியை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டார். முதல் நாள் சிநேகிதன் பேச்சே எடுக்கவில்லை. படகில் என்ன வேலை, பங்கு எப்படிப் பிரிப்பார்கள், எப்போது தூங்குவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவன் விரல்கள் சும்மா இருக்க முடியாமல் சட்டைப் பொத்தானைத் திருகுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை வலை ஊசியும் ஒரு துண்டு வலையும் கொண்டு வரச் சொன்னார். கிழிசலைத் தைத்துக்கொண்டே பேசினான். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. மூச்சு திணறும்போது கையில் நூல் எப்படி இருக்கிறது, முடிச்சு எங்கே விழுகிறது என்று கவனிக்கச் சொல்லிக்கொடுத்தார். இப்போதும் அதைத்தான் செய்கிறான்.

சிநேகிதன் விஷயத்தில், “உங்க வீட்டுல அவரைப் பத்தி எப்படிப் பேசுவீங்க?” என்று கேட்டாராம். “வரலைன்னு சொல்லுவோம்” என்றிருக்கிறான். அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். வருவான் என்றும் வரமாட்டான் என்றும் ஒரே மனசு நினைக்கலாம், அதில் தப்பில்லை என்று அவர் சொன்ன அன்றுதான் தம்பி முதல்முறையாக வாய்விட்டு அழுதான். குடியைப் பற்றிப் பல வாரம் கழித்துத்தான் கேட்டார், அதுவும் எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றுகிறது என்று. தூக்கத்துக்கு ஒரு மனநல மருத்துவரிடம் எழுதிக்கொடுத்து அனுப்பினார்.

நேரில் போக முடியாத வாரங்களில் வீடியோ காலில் பேசலாம் என்றபோது எனக்குத் திக்கென்றது. எங்களுடையது ஒற்றை அறை, அடுத்த வீட்டு மிக்ஸி சத்தமே நம் வீட்டில் ஓடுவது போல் கேட்கும். நான் சொல்வதற்கு முன்னால் மேடமே, “தனியா பேச எங்க இடம் கிடைக்கும்?” என்று கேட்டார். துறைமுகத்தில் கட்டிப்போட்டிருக்கும் படகின் மேல் உட்கார்ந்து இயர்போன் போட்டுப் பேசினான். படகில் கால் வைக்கவே பயந்தவன். அவர் அதை ஒரு பயிற்சியாகவே ஆக்கிவிட்டார்: இந்த வாரம் ஓரத்தில், அடுத்த வாரம் உள்ளே, அப்புறம் இன்ஜினைப் போட்டுக்கொண்டு.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து தம்பி கடலுக்குப் போனான். ராத்திரி வலை இழுக்கும் வேலைக்கு இன்னும் நிற்பதில்லை, டிரைவரும் புரிந்துகொண்டு வேறு வேலை கொடுக்கிறார்.

மீனவக் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. கையில் காசு இருக்காதுதான், ஆனால் ஆள் கரையில் இருப்பது அப்போதுதான். கட்டணத்தைக் குறைக்க முடியுமா, சீசன் தொடங்கியதும் தரலாமா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு மேடம் ஒத்துக்கொண்டார். பழைய ஈசிஜி, மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், ஜெராக்ஸோடு.