உப்புக்காற்றில் நின்ற அம்பாசிடரை வாங்குமுன்

கடற்கரையோர தேவனாம்பட்டினத்தில் பத்து வருடம் வாசலில் நின்ற அம்பாசிடரும், கடலிலிருந்து தள்ளியிருக்கும் விருத்தாசலத்தில் ஓட்டுக் கொட்டகைக்குள் நின்ற அம்பாசிடரும் ஒரே விலைக்கு வந்தால் இரண்டாவதை எடுங்கள். அதன் எஞ்சின் சுற்றாமல் இறுகியிருந்தாலும் பரவாயில்லை. எஞ்சின் வேலைக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். துரு எதுவரை போயிருக்கிறது என்பதை பெயிண்டை உரிக்கும் வரை யாராலும் சொல்ல முடியாது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் பழைய கார் வாங்கி விற்பவர்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

அம்பாசிடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சுமையைத் தாங்குகிறது. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் அரித்துவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பார்க்கப் போகும்போது டார்ச், சின்ன காந்தம், ஜாக்கி மூன்றும் இருக்கட்டும். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு, டிக்கித் தரை, பேட்டரி தட்டு எல்லாவற்றிலும் நகர்த்துங்கள். பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகரத்துக்குப் பதில் பள்ளம் நிரப்பும் பட்டிதான் இருக்கிறது. பிறகு முன்கதவைத் திறந்து வைத்து, ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவைச் சாத்திப் பாருங்கள். இடுக்கு மாறினாலோ, கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தாலோ சில் போய்விட்டது. பெயிண்ட் எவ்வளவு பளபளத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதையும் பார்க்க வேண்டும். கடலூரில் 2015 மழையும், புதுச்சேரியில் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலும் ஏராளமான வண்டிகளை மூழ்கடித்தன. உள்ளே கழுவித் துடைத்திருப்பார்கள், ஆனால் சீட் தண்டவாளத்தின் போல்ட், ஹெட்லைட் கிண்ணம், ஸ்டெப்னி குழி இவற்றில் மெல்லிய வண்டல் மிஞ்சும். டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் முனைகள் பச்சை பூத்திருந்தால், வயரிங் முழுவதையும் மாற்றும் செலவைச் சேர்த்தே விலை பேசுங்கள்.

டிங்கரிங்கில், அதாவது பாடித் தகர வேலையில், நடக்கும் பெரிய தவறு, ஒட்டு மேல் ஒட்டுப் போடுவது. துருப்பிடித்த தகரத்தை வெள்ளைத் தகரம் தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டு, 20 கேஜ் சி.ஆர். ஷீட்டை (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) வைக்க வேண்டும். சில்லை வெட்டுமுன் கதவுத் திறப்புக்குள் ஒரு அங்குலச் சதுரக் குழாயைக் குறுக்கே வெல்ட் செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வேலை முடிந்தபின் கதவு பொருந்தாது. தட்டையான பகுதிகளில் கேஸ் வெல்டிங் தகரத்தை நெளித்துவிடும். மிக் வெல்டிங்கில் புள்ளிப் புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வையுங்கள். சேசிஸ் எண் (வண்டியின் அடையாள எண்) பொறித்த இடத்தை மட்டும் தொடவே கூடாது.

அடுத்து தண்ணீர். கடலோர போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை ஊற்றி எமரி பேப்பர் தேய்த்தால் உப்பு தகரத்திலேயே தங்கிவிடும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் சில மாதங்களில் கொப்புளம் வரும், பழி பெயிண்டர் மேல் விழும். கடைசித் தேய்ப்புக்கும் கழுவலுக்கும் கேன் தண்ணீர் வாங்குங்கள், நாலைந்து கேன் போதும். வெறும் தகரத்தை இரவு விட்டால் விடிவதற்குள் துரு பூத்துவிடும், அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு ஏற வேண்டும். பெயிண்ட் வேலைக்கு பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். மதியத்துக்கு மேல் கடற்காற்று தூசியும் உப்பும் கொண்டுவரும் என்பதால் காலையிலேயே அடித்து முடிக்கவும். ஐப்பசி, கார்த்திகையில் டூகோ (சீக்கிரம் காயும் கார் பெயிண்ட்) அடித்தால் ஈரத்தில் வெண்மை பூத்துவிடும்.

இறுகிய எஞ்சினுக்கு நான்கு பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு 50 மில்லி வீதம் டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். அவசரப்பட்டு செல்ஃப் அடித்தால் பிஸ்டன் ரிங் உடையும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாயையும் எரிபொருள் பம்பின் டயாஃப்ரமையும் (உள்ளிருக்கும் சவ்வு) ஊறவைத்துக் கெடுக்கும், எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள்.

ஆர்.சி. பெயரிலிருப்பவர் இறந்திருந்தால் படிவம் 31 வழியாக வாரிசு பெயருக்கு மாறிய பிறகே பணம் கொடுங்கள். புதுச்சேரி வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று கடலூருக்குக் கொண்டுவருபவர்கள் படிவம் 28 என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு வரி, கடலூரின் டிஎன் 31 எண்ணில் மறுபதிவு மூன்றையும் கொள்முதல் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 20 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாகிவிட்டது.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டி ‘விஏ’ வரிசை விண்டேஜ் எண் வாங்கினால் விலை ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த எண்ணோடு அன்றாடம் ஓட்டக் கூடாது, வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. பாடியில் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்கவும் செய்யாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஈசிஆரில் போய்வர ஆசைப்பட்டு வாங்குபவருக்கு, புதுப்பித்த சாதாரண ஆர்.சி.யே பயன்படும்.

விலைக்கு ஒரே வழி, பின்னாலிருந்து கணக்குப் போடுவது. 4 லட்சத்துக்குப் போகும் என்று தோன்றினால் உங்கள் லாபமாக 60,000 எடுத்து வையுங்கள். டிங்கரிங், பெயிண்ட் இரண்டுக்கும் பட்டறையில் சொன்ன தொகையோடு அதில் பாதியைக் கூட்டிக் கழியுங்கள். மெக்கானிக், வயரிங், சீட், டயர், ஆர்.டி.ஓ. செலவையும் கழியுங்கள். மிச்சம்தான் நீங்கள் கொடுக்கக்கூடிய விலை. அதற்கு ஓனர் இறங்கி வராவிட்டால் விட்டுவிடுங்கள். எடுத்துவிட்டால், வெட்டிய தகரம், வெல்டிங், பிரைமர் என்று ஒவ்வொரு நிலையையும் தேதியோடு படமெடுத்து வையுங்கள். பட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று வாங்க வருபவரும் காந்தத்தோடு வருவார்.