கடுகு வயல்

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் அப்பா கிழக்கு எல்லையில் இருந்தார். டிசம்பர் 3 முதல் 16 வரை, பதின்மூன்றே நாள். அந்த வருடம் மார்ச் 25 இரவில் பாகிஸ்தான் ராணுவத்தினர் டாக்கா பல்கலைக்கழக மாணவர்களையே சுட்டுக் கொன்றார்கள்; ஏறக்குறைய 1 கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். அதற்கு முடிவுகட்டிய போரைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நியாயமான போர் உண்டா என்று யார் கேட்டாலும் இதைத்தான் காட்டுவேன்.

போன ஜனவரியில் அப்பாவோடு கொல்கத்தா போனேன். மஞ்சளாகப் பூத்த கடுகு வயல் வந்ததும் ரயில் ஜன்னலை இறக்கிவிட்டார்.

"இந்த மாதிரி வயல்லதான் ஒருத்தன் தண்ணி கேட்டான். அவங்க ஆளு, சின்னப் பையன். எங்கிட்ட இருந்துச்சு. நான் குடுக்கல."

அப்புறம் ஹவுரா வரை அவர் பேசவில்லை.