பாலை மறக்கும் முயல் குட்டிக்கு என்ன போடுவது?

ஐந்து கிழமை கொழுகொழுவென்று வளர்ந்த குட்டி, தாயைப் பிரித்த பத்து நாளுக்குள் கழிந்து செத்துப்போகும். முயல் வளர்ப்பில் அதிகம் கேட்கும் புலம்பல் இது. பெரும்பாலும் காரணம் தீன்தான்.

முதல் மூன்று கிழமைக்குப் பால் போதும். தாய் நாளுக்கு ஒரு தடவை, மூன்று நான்கு நிமிடம்தான் பால் கொடுக்கும். பகலெல்லாம் குட்டிகள் இருக்கும் பெட்டிப் பக்கம் போகவில்லையே என்று பதறத் தேவையில்லை. குட்டியின் வயிறு உருண்டு, தோல் சுருங்காமல் இருந்தால் பால் கிடைக்கிறது என்று அர்த்தம். 18, 20 நாளில் குட்டிகள் வெளியே வந்து தாயின் தீனைக் கொறிக்கத் தொடங்கும். தாய்க்குப் பால் வற்றத் தொடங்குவதும் அதற்குப் பிறகுதான்.

பாலிலுள்ள கொழுப்பு குட்டியின் குடலில் கெட்ட கிருமி பெருகாமல் காக்கிறது. பால் நின்றதும் அந்தக் காவல் போய்விடும். இரைப்பையில் அமிலம் ஏறி, குருட்டுக்குடலில் நல்ல கிருமிகள் நிலைக்கச் சில நாள் வேண்டும். அந்த நேரத்தில் மிஞ்சிய சோறு, பாண், சோளம் என்று மாச்சத்தைக் கொட்டினால் அது செரிக்காமல் குருட்டுக்குடலுக்குப் போய்ப் புளிக்கும். கோழித்தீனும் வேண்டாம். அதில் நார் குறைவு. கோழிக்குச் சேர்க்கும் நராசின் போன்ற சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

பெரிய பண்ணைகளில் 28 நாளிலேயே பிரிப்பார்கள். புல்லை நம்பி வளர்க்கும் நமக்கு 35 நாள் சரி, மெலிந்த குட்டியென்றால் 42. குட்டி போட்ட 14ஆம் நாள் தாயை மறுபடி இணைத்திருந்தால் 45ஆம் நாளளவில் அடுத்த ஈற்று வரும். அப்படியென்றால் பிரிப்பதை 38 நாளைத் தாண்ட விடாதீர்கள்.

பிரிக்கும்போது தாயைத்தான் வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். குட்டிகள் அதே கூட்டில், அதே தீனோடு ஒன்றாக இருக்கட்டும். தீனை மாற்றுவதென்றால் ஒரு கிழமை கழித்து, பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். முயல் பெல்லட் (குச்சிபோல் அழுத்திய கலவைத் தீன்) ஒரு குட்டிக்கு நாளுக்கு 40–50 கிராம், காலையும் மாலையுமாகப் பிரித்து. இன்னும் கேட்கிறதே என்று அள்ளிப் போடாதீர்கள், இந்தக் கட்டத்தில் அரைவயிறு நல்லது. எட்டாம் கிழமைக்குள் 100 கிராம்வரை ஏற்றலாம். கின்னிப் புல் எப்போதும் கூட்டில் இருக்க வேண்டும். வெட்டிய புல்லை நிழலில் பரப்பி அரை நாள் வாட வைத்துப் போடுங்கள். குவித்துவைத்துச் சூடேறிய புல் வயிற்றை ஊத வைக்கும். புல் தட்டினால் தம்பலகாமத்துப் பக்கத்துக் காய்ந்த வைக்கோல் நாருக்கு உதவும், சத்துக்கு உதவாது. பூஞ்சணம் பிடித்ததைத் தொடவே வேண்டாம். கங்குன், கோவா இரண்டு கிழமை பொறுக்கட்டும். இப்பில் இப்பில் (சுபாபுல்) இலையில் மிமோசின் என்ற நச்சு இருப்பதால் மயிர் கொட்டும். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு பிடியோடு நிறுத்துங்கள்.

கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் குட்டி பகலில் தின்னாது. தீனில் பெரும்பங்கை மாலையில் வையுங்கள். தாய்க்காக உயரக் கட்டிய தண்ணீர் நிப்பிள் குட்டிக்கு எட்டாது, இறக்கிக் கட்டுங்கள். தண்ணீர் நின்றால் தீனும் நிற்கும். நிலாவெளிப் பக்கம் கிணறு உவரென்றால் குழாய்த் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும்.

மாரியில் கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி வரும். புழுக்கையோடு விழும் அதன் முட்டை தொற்றும் நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு நாள் செல்லும். ஆகவே புழுக்கை விழும் தட்டை தினமும் சுரண்டினால் பாதி வேலை முடிந்தது. புழுக்கை இளகினாலோ சளிபோல் வந்தாலோ, குட்டி கூனிக் குந்திப் பல்லை நறநறத்தாலோ, உடனே தனியாக்கிப் பெல்லட்டை நிறுத்தி, காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வையுங்கள். புழுக்கையைக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டில் கிடக்கும் அமொக்சிசிலினைக் கரைத்துப் பருக்குவதுதான் பெரிய பிழை. அது நல்ல கிருமியை அழித்து, பிழைக்கக்கூடிய குட்டியையும் கொன்றுவிடும்.

சமையல் தராசில் கிழமைக்கொரு தடவை நிறுங்கள். கழிச்சல் தெரிவதற்கு முன்பே நிறை ஏறாமல் நிற்கும் குட்டி அதில் அகப்படும்.