செரீனா மேல் எனக்குள்ள வருத்தம்

செப்டம்பர் 7, 2018

நாளை யுஎஸ் ஓப்பன் டென்னிஸ் பெண்கள் இறுதிப் போட்டி. அரையிறுதியில் செவஸ்தோவாவை 6-3, 6-0 என்று செரீனா வில்லியம்ஸ் துவைத்து எடுத்ததிலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை. போன செப்டம்பரில்தான் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து உயிருக்கே போராடினார். அதையெல்லாம் தாண்டி ஜூலையில் விம்பிள்டன் இறுதி வரை வந்து கெர்பரிடம் தோற்றார். நாளை ஜெயித்தால் 24வது கிராண்ட் ஸ்லாம், அதாவது நான்கு பெரிய தொடர்களில் ஒன்றின் பட்டம். மார்கரெட் கோர்ட்டின் சாதனையைச் சமன் செய்துவிடுவார்.

எதிரே நவோமி ஒசாகா, 20 வயது. செரீனாவையே பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். அரையிறுதியில் கீஸிடம் 13 பிரேக் பாயின்ட்களை, அதாவது தன் சர்வீஸ் கேமையே இழக்கும் விளிம்பை, சந்தித்து, பதின்மூன்றையும் காப்பாற்றினார். எப்படி முடிந்தது என்று கேட்டால், செரீனாவுடன் ஆட ஆசைப்பட்டேன் என்கிறார்! இந்தப் பெண்ணைப் பிடிக்காமல் எப்படி இருக்கும்? ஆனாலும் நாளை நான் செரீனா பக்கம்தான்.

செப்டம்பர் 8

ஒசாகா 6-2, 6-4. தோல்வியைத் தாங்கிக்கொள்வேன். இரண்டாவது செட்டைத்தான் தாங்க முடியவில்லை.

ஒசாகாவின் ஆட்டம் ஒரு படி மேலே என்பது முதல் செட்டிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது செட்டின் தொடக்கத்தில் செரீனாவின் பயிற்சியாளர் மொராடோக்ளூ இருக்கையிலிருந்து கையால் சைகை காட்ட, ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் உதவக் கூடாது என்பதால் நடுவர் கார்லோஸ் ராமோஸ் எச்சரிக்கை கொடுத்தார். ஏமாற்றி ஜெயிப்பதைவிடத் தோற்பேன் என்றார் செரீனா. அதுவரை சரி, மானமுள்ள யாருக்கும் கோபம் வரும். அப்புறம் பிரேக் எடுத்து 3-1 என்று முன்னேறினார். எத்தனை ஆட்டங்களை இப்படித் திருப்பியிருக்கிறார்! நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த கேமிலேயே சர்வீஸை இழந்து, ராக்கெட்டைத் தரையில் அடித்து உடைத்தார். இரண்டாவது விதிமீறல், ஒரு பாயின்ட் போனது. அதற்குப் பிறகு அவர் ஒசாகாவோடு ஆடவில்லை, ராமோஸோடுதான் ஆடினார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார், விடாமல் சொன்னார். 3-4 என்று பின்தங்கியபோது அவரைத் திருடன் என்றார். மூன்றாவது விதிமீறல், ஒரு கேமே போனது. 3-5.

அவ்வளவு நேரமும் அந்தப் பக்கம் ஒரு பெண் தன் முதல் கிராண்ட் ஸ்லாமை நெருங்கிக்கொண்டிருந்தார். எதிராளி கோபப்பட்டால் திரும்பி நின்றுகொள் என்று சின்ன வயதில் கற்றுக்கொடுத்தார்களாம். அதையே செய்தார். ஜப்பானுக்காக ஒற்றையரில் கிராண்ட் ஸ்லாம் வென்ற முதல் ஆள் அவர். பரிசு மேடையில் அரங்கமே கூச்சலிட்டுக்கொண்டிருக்க, தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டு அழுதார். எல்லோரும் செரீனாவுக்காகத்தான் வந்தீர்கள், இப்படி முடிந்ததற்கு வருந்துகிறேன் என்றார். ஜெயித்தவர் எதற்கு வருந்த வேண்டும்?

ஒசாகாவின் தோளில் கைபோட்டு, கூச்சலை நிறுத்துங்கள் என்று கூட்டத்திடம் சொன்னதும் செரீனாதான். நான் அறிந்த செரீனா அந்த ஒரு நிமிடம்தான் அங்கே இருந்தார்.

செப்டம்பர் 9

17,000 டாலர் அபராதம். வசைக்கு 10,000, சைகைக்கு 4,000, ராக்கெட்டுக்கு 3,000.

சைகை காட்டியதை மொராடோக்ளூவே ஒப்புக்கொண்டுவிட்டார், எல்லாப் பயிற்சியாளர்களும் செய்வதுதான் என்கிறார். செரீனா அதைப் பார்த்தாரா இல்லையா என்பது விதிக்கு முக்கியமில்லை, பயிற்சியாளர் செய்தால் பழி ஆட்டக்காரர் மேல்தான்.

ஆண்களாக இருந்தால் விட்டிருப்பார்கள் என்கிறார் செரீனா. அதில் உண்மை இருக்கிறது. இதைவிட மோசமாகப் பேசியும் ஒரு கேமை இழந்ததில்லை என்று முன்னாள் வீரர் ரோடிக்கே சொல்கிறார். இதே தொடரில், பின்பக்கம் முன்பக்கமாகப் போட்டிருந்த சட்டையைக் களத்திலேயே மாற்றிக்கொண்ட வீராங்கனை அலிஸே கார்னேவுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். ஆண்கள் சட்டையில்லாமல் உட்கார்ந்திருப்பதை யாரும் கேட்பதில்லை. 2004ல் கேப்ரியாட்டி ஆட்டத்தில் செரீனாவுக்குத் தவறான தீர்ப்புகளாக வந்து விழுந்ததையும் நான் மறக்கவில்லை. அவர் கோபத்துக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது.

ஆனால் நடாலுக்கும் ஜோகோவிச்சுக்கும் விதிமீறல் கொடுத்த ராமோஸைப் பெண்களுக்கு எதிரானவர் என்று சொல்ல என்னால் முடியாது. 2009ல் கிளைஸ்டர்ஸுடன் ஆடியபோது கோட்டு நடுவரை மிரட்டியதற்கும், 2011 இறுதியில் நடுவரிடம் சீறியதற்கும் நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை வாய் வரவில்லை. நியாயம் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு, அதற்கு ஒசாகாவின் நாள்தானா கிடைத்தது?

செப்டம்பர் 10

ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்றில் செரீனாவைப் பற்றி ஒரு கேலிச்சித்திரம். உதட்டையும் உடலையும் ஊதிப் பெரிதாக்கி, அருவருப்பு. அவர் நடத்தையைக் குறை சொல்லும் நான் இந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன்.

செப்டம்பர் 14

ஆண்களுக்கான நாடுகளிடைத் தொடரான டேவிஸ் கோப்பை அரையிறுதி, குரோஷியாவின் ஸாதர் நகரில். நடுவர் நாற்காலியில் ராமோஸ். நல்லது.

ஜூலை 10, 2019

செரீனா அந்த இறுதிப் போட்டியைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதியிருக்கிறார். மனநல ஆலோசகரிடம் போனாராம், ராக்கெட்டைத் தொட மனம் வரவில்லையாம். கடைசியில் ஒசாகாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார், ஒசாகாவும் அன்பாகப் பதில் எழுதியிருக்கிறார். படித்தபோது கண் கலங்கியது. ராமோஸ் விஷயத்தில் மட்டும் அவர் நிலை மாறவில்லை, நானும் மாறவில்லை.

நேற்று விம்பிள்டன் காலிறுதியில் ரிஸ்க்கை மூன்று செட்களில் வென்றார். கூடவே இன்னொரு செய்தி: பயிற்சியின்போது ராக்கெட்டால் புல்தரையைச் சேதப்படுத்தியதற்கு 10,000 டாலர் அபராதம். எரிச்சலாக இருக்கிறது. நாளை ஸ்ட்ரிகோவாவுடன் அரையிறுதி. அவர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.