ரப்பர் தளிர்க்கும் முன் ஒரு தராசு

ஜனவரி 8

குலசேகரம் பக்கம் ரப்பர் இலை உதிர ஆரம்பித்துவிட்டது. தளிர்த்தால் தேன் சீசன். ரப்பரில் பூவை நம்பித் தேன் இல்லை. தளிர் இலைக் காம்பின் நுனியில் சுரப்பதைத்தான் தேனீ எடுக்கிறது. அது வற்றினால் அடுத்த வருஷம்தான். தேன்பெட்டியின் எடையைச் சொல்ல நானும் ஜஸ்டினும் செய்யும் தராசு அதற்குள் தோட்டத்தில் இருக்க வேண்டும்.

சர்க்யூட் போர்டு, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் இப்போதே ஆர்டர் கொடுத்துவிடலாம் என்கிறான் ஜஸ்டின். உறைக்கு இரும்பில் அச்சு வெட்டிவிட்டால் அப்புறம் ஒரு துளையை நகர்த்தவும் பணம். எனக்குச் சம்மதமில்லை.

ஜனவரி 12

முதல் மாதிரியில் மின்சாரமே கிடையாது. எடை தெரிந்தால் தேனீ வளர்ப்பவர் என்ன செய்வார் என்பது மட்டுமே கேள்வி. அதற்கு லக்கேஜ் தூக்கும் கொக்கித் தராசு போதும். பெட்டியின் ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கி, வருவதை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய மொத்த எடை. அதையும் எடை எழுத ஒரு நோட்டையும் தேனீ வளர்க்கும் பாட்டாவிடம் கொடுத்தோம். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியாகப் பரப்பிய பெட்டி வளர்ப்பு, இவருக்கு அப்பா கைமாற்றிய தொழில்.

ஜனவரி 19

நோட்டில் பாதி நாள் காலி. பாட்டாவைக் கேட்டால்:

"தெனமும் எத்தனை கிலோன்னு எனக்கு எதுக்கு மக்களே? ஏறுறது நின்னா சொல்லு, தேன் எடுக்கலாம். திடீர்னு குறைஞ்சா சொல்லு, ஈ ஓடிட்டு, கேட்டியா."

ஜஸ்டின் வரைந்து வைத்திருந்த வரைபடத் திரைகள் அத்தோடு போயின. நல்லது. நம்மூர்த் தேனீ கூட்டைவிட்டு ஓடினால் குறைவது ஒரு கிலோகூட இராது. ஆக, மொத்த எடை கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை, நாளுக்கு நாள் வரும் மாற்றம் தப்பக் கூடாது.

ஜனவரி 27

பிளைவுட் பலகை, நான்கு மூலையிலும் எடையை உணரும் லோடு செல், அது சொல்வதை எண்ணாக்க ஓர் ஹெச்எக்ஸ்711 சில்லு. பலகை கோணல், ஒயர் தொங்குகிறது. இருக்கட்டும். காலிப் பெட்டியில் செங்கல் அடுக்கி முற்றத்தில் வைத்தோம். மதியம் செங்கல் தேன் சேர்த்தது! வெயில் ஏற ஏற லோடு செல்லின் கணக்கு நகர்கிறது.

வெப்பநிலைத் திருத்தம் எழுதுகிறேன் என்றான் ஜஸ்டின். விடிவதற்கு முன் ஒருமுறை மட்டும் எடுத்தால் போதாதா? வெயில் கிடையாது, ஈ எல்லாம் கூட்டுக்குள் இருக்கும். சரி என்றான். செங்கலை மட்டும் சீக்கிரம் எடுக்கச் சொல்கிறான். சொன்ன எடையையே அது தினமும் விடிகாலையில் சொல்லட்டும், அதுவரை எடுக்க விடமாட்டேன். மரவேலையில் எவ்வளவு அவசரப்பட்டாலும் எனக்குக் கவலையில்லை. அளவையில் அவசரப்பட்டால் பாட்டா இதை ஒருமுறைக்கு மேல் நம்பமாட்டார்.

பிப்ரவரி 4

எறும்பு வராதிருக்கப் பெட்டி ஸ்டாண்டின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது வழக்கம். எங்கள் மின்பெட்டியோ பக்கத்து மரத்தில் தொங்கியது. மரத்திலிருந்து தராசுக்கு ஒயர், ஒயர்மேல் கறுப்பெறும்பு வரிசை. உள்ளே செங்கல் இருந்ததால் தப்பித்தோம். கூடு இருந்திருந்தால் எறும்புத் தொல்லையிலேயே ஈ கிளம்பியிருக்கும். கணினியில் எத்தனை படம் வரைந்தாலும் இந்த ஒயர் பாலமாகும் என்று தெரிந்திருக்காது. இரும்பு அச்சை நினைத்துப் பார்த்தேன். அன்றே வெட்டியிருந்தால் இந்த ஒயருக்கான துளை உறையின் பக்கவாட்டிலேயே நின்றிருக்கும்.

இப்போது மின்பெட்டி ஸ்டாண்டிலேயே, பலகைக்கு அடியில். உறை மார்த்தாண்டம் சந்தையில் வாங்கிய டிபன் பாக்ஸ். ஜஸ்டின் 3டி பிரிண்டரில் அடித்த பிஎல்ஏ பிளாஸ்டிக் உறை பார்க்க அழகு. 60 டிகிரி பக்கத்தில் இளகும் பொருளை வெயிலில் வைக்க மனசு வரவில்லை.

பிப்ரவரி 13

செங்கல் தேறிவிட்டது. பாட்டாவின் பெட்டிகளுக்கு அடியில் பலகை போட்டாயிற்று. சர்க்யூட் போர்டுக்கு ஆர்டர் கொடுத்தோம், துளைகளின் இடம் இனி மாறாது. அச்சு இந்த சீசன் முடிந்த பிறகுதான்.

பாட்டா மெசேஜ் படிப்பதில்லையாம். "ஈ ஓடினா ஒரு மிஸ்டு கால் விடச் சொல்லு." ஜஸ்டின் இன்று ராத்திரி அதற்கு உட்கார்ந்திருக்கிறான்.