யோகட் கப்பில் மண் சோதனை

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் மரக்கறி போட ஒரு துண்டு நிலம் கிடைத்திருக்கிறது. பழைய தேயிலை நிலம். தேயிலையைப் பிடுங்கியபின் யாரோ உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார்கள். நுவரெலியாப் பக்கம் மருந்து அடிக்காமல் கிழங்கு எடுப்பவர்கள் அபூர்வம். அதனால் முதலில் மண்ணைப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

காலி யோகட் கப்புகளின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். ஒரு வரிசையில் அந்த நிலத்து மண். அடுத்ததில் அதே மண்ணோடு இடித்த அடுப்புக் கரி. மூன்றாவதில் தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால், மருந்து படாத மரத்தடி மண். எல்லாவற்றிலும் வெள்ளரி விதை. களைகொல்லி மிச்சமிருந்தால் வெள்ளரி சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். கரியோ மருந்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கரி போட்டதில் செடி தேறி, போடாததில் வாடினால் சந்தேகம் மண்ணின் மேல்தான்.

"தம்பி, சாம்பலப் போட்டா செடி கருகிப் போகும்" என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா. நியாயமான பேச்சு. சாம்பலைச் சலித்துத் தள்ளிவிட்டுத்தான் கரியை எடுத்தேன். இந்தக் குளிரில் வெள்ளரி சுணங்கும் என்பதால் மேலே பொலித்தீனும் கட்டினேன்.

முளைப்பதில் வித்தியாசமே இல்லை. மூன்றிலும் வித்திலை பச்சையாக விரிந்தது. அடுத்து வந்த நிஜ இலையில்தான் விஷயம் வெளிப்பட்டது: நிலத்து மண்ணில் ஓரம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, உள்நோக்கிக் காய்ந்தது. மற்ற இரண்டிலும் பச்சை. தேயிலை மலைகளில் புல்லுக்கு அடிக்கும் டையூரோன் இப்படித்தான் வேலை செய்யும். வேர் வழியாக ஏறி இலை உணவு செய்வதைத் தடுக்கும். விதையில் சேர்த்துவைத்தது தீரும்வரை செடிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த மருந்து என்று கப் பெயர் சொல்லாது.

சரி, களைகொல்லி மாதக்கணக்கில் இருந்தாலும் மெல்லக் கரைந்துவிடும். எனக்குப் பெரிய கவலை டீல்ட்ரின் என்ற பழைய பூச்சிக்கொல்லி. 1950களில் இலங்கையில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறுவண்டுக்கு அதை அடித்தார்கள். அது இலை சுருட்டும் புழுவை அடக்கிவைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவியையும் கொன்றுவிட, புழு பெருகியது தனிக் கதை. டீல்ட்ரின் மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். பூசணி, வெள்ளரிக் குடும்பம் மற்றப் பயிர்களைவிட அதிகமாக அதை உறிஞ்சி, காய்வரை கொண்டுபோகும். செடியோ வாடாது, தளதளவென்று நிற்கும். ஆக, இந்த வெள்ளரி நன்றாக வளர்ந்திருந்தாலும் டீல்ட்ரின் இல்லை என்று அர்த்தமில்லை. அதற்கு ஆய்வுகூடம்தான் வேண்டும், செலவு என் கைக்கு எட்டாது.

இப்போதைக்கு மாட்டு எருவும் கரியும் கொத்திவிட்டிருக்கிறேன். மக்கு கூடினால் இந்த மருந்துகள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வேருக்குக் குறைவாகவே கிடைக்கும். அடுத்த கப் வரிசை தேறினால் போஞ்சியும் தக்காளியும். கரட்டின் தோலில் இந்தப் பழைய மருந்துகள் சேரும் என்பதால் கரட் வேண்டாம். பூசணிக்கும் வெள்ளரிக்கும் கோயில் பக்கத்து மண் நிரப்பிய உரப் பைகளை வேலியோரம் வைத்தாயிற்று.